நிரல் ஓடுகிறது, விடை மட்டும் தப்பு: குறிகளால் வரும் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

சேலம் ஐந்து ரோடு பக்கம் மாலை நேரத்தில் நிரல் எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். கல்லூரிப் பிள்ளைகள் வருகிறார்கள். செவ்வாய்ப்பேட்டை மண்டிகளில் கணக்கு எழுதுபவர்கள், சிவதாபுரம் பக்கத்துக் கொலுசுப் பட்டறைக் குடும்பத்துப் பையன்கள், ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி பஸ்ஸில் வரும் ஒன்றிரண்டு பேர் என்று பலதரப்பட்டவர்களும் உண்டு. ஆரம்பத்தில் இவர்களைத் தடுக்கிவிடுவது லூப்போ ஃபங்ஷனோ இல்லை. = + / % ^ & மாதிரியான சின்னச் சின்னக் குறிகள்தான்.

இதற்கு மாணவர்களின் கவனக்குறைவைக் காரணம் சொல்வதை நான் ஏற்பதில்லை. ஒவ்வொரு குறியும் யாரோ ஒருவர் ஏதோ ஒரு வருடத்தில், தன் வசதியைப் பார்த்து எடுத்த முடிவு. புதிதாக வருபவருக்கு அந்தக் கதை தெரியாது. பள்ளி நோட்டு, கடைக் கால்குலேட்டர், எக்செல், ஏற்கனவே படித்த வேறொரு மொழி என்று எங்கே அந்தக் குறியை முதலில் பார்த்தாரோ, அந்தப் பொருளோடுதான் வருவார். அதனால் யாராவது தப்பான விடையைக் காட்டினால் நான் முதலில் கேட்பது, "இந்தக் குறியை முன்னாடி எங்க பார்த்தீங்க?" என்றுதான். பாதிக் கோளாறு அந்தப் பதிலிலேயே பிடிபட்டுவிடும்.

கீழே உங்கள் அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போங்கள். நிரல்வரிகளில் மாறிகளின் பெயரைத் தமிழில் கொடுத்திருக்கிறேன். பைத்தான் 3, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் மூன்றும் அதை ஏற்கும். இஃப், ஆர், அண்ட் போன்ற மொழியின் சொந்தச் சொற்களை மட்டும் நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

அறிகுறி: இஃப் நிபந்தனை எப்போதும் "ஆமாம்" என்கிறது, போதாததற்கு மாறியின் மதிப்பும் மாறிவிடுகிறது

ஜாவாஸ்கிரிப்டில் இப்படி எழுதியிருப்பீர்கள்:

இஃப் (இருப்பு = 5)

ஒற்றை = கேள்வி இல்லை, கட்டளை. இருப்பில் 5ஐப் போடு என்று சொல்லிவிட்டீர்கள். போட்ட 5 பூஜ்யம் இல்லாததால் நிபந்தனை "ஆமாம்" ஆகிவிட்டது. 5க்குப் பதில் 0 எழுதியிருந்தால் எப்போதும் "இல்லை" என்று வந்திருக்கும். சி மொழியிலும் இதே நடத்தைதான்.

சோதனை: இஃப் முடிந்த அடுத்த வரியில் இருப்பைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். கிடங்கில் 12 மூட்டை இருக்கும்போது 5 என்று காட்டினால் இதுதான் கோளாறு. ஒப்பிட == வேண்டும்; ஜாவாஸ்கிரிப்டில் === இன்னும் நல்லது (காரணம் பின்னால் வருகிறது).

பைத்தான் இந்த இடத்தில் கருணையோடு நடந்துகொள்கிறது. இஃப்புக்குள் ஒற்றை = இருந்தாலே நிரலை ஓடவிடாது. 3.10 பதிப்பிலிருந்து "== போட நினைத்தீர்களோ?" என்று பிழைச் செய்தியிலேயே கேட்கிறது. ஜாவாவும், எண் இருக்கும் இடத்தில் ஆம்–இல்லை வேண்டும் என்று கம்பைல் நேரத்திலேயே (நிரலை ஓட்டுவதற்கு முன் மொழிபெயர்க்கும்போதே) நிறுத்திவிடும்.

எக்செல்லில் ஊறியவர்களுக்கு இந்தப் பிழை அடிக்கடி வரும், அதில் நியாயமும் இருக்கிறது. எக்செல்லில் செல்லின் முதலில் வரும் = சூத்திரத்தைத் தொடங்கி வைக்கிறது, நடுவில் வரும் = ஒப்பிடுகிறது. மண்டிக் கணக்கில் வருடக்கணக்காக அப்படி எழுதியவர் இங்கேயும் அப்படியே எழுதுவார்.

இந்த இரட்டை வேடம் எங்கிருந்து வந்தது? சமக்குறியை 1557இல் ராபர்ட் ரெக்கார்டு என்ற வெல்ஷ் கணித அறிஞர் அச்சில் கொண்டுவந்தார். இரண்டு பக்கமும் சமம் என்பதைத் தவிர அவர் அதற்கு வேறு வேலை கொடுக்கவில்லை. 1957இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் அதையே மதிப்பு போடுவதற்கு எடுத்துக்கொண்டது. அது சரியில்லை என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். அல்கால் மொழி மதிப்பு போட := என்ற குறியைத் தனியாக வைத்து, = குறியை ஒப்பீட்டுக்கே விட்டது. பாஸ்கல் அதைப் பின்பற்றியது. ஆனால் சி மொழியின் முன்னோடியான பி மொழியை உருவாக்கிய கென் தாம்ஸன் வேறு கணக்குப் போட்டார். நிரல்களில் ஒப்பிடுவதைவிட மதிப்பு போடுவது ஏறக்குறைய இரண்டு மடங்கு அடிக்கடி வருகிறது, ஆகவே அந்தக் குறி பாதி நீளம் இருப்பதே பொருத்தம் என்றார். தட்டச்சு இயந்திரம் போன்ற டெலிடைப்பில் விரல் வலிக்கத் தட்டிய காலத்தில் அது நியாயமான வாதம்தான். பி மொழியிலிருந்து 1972 வாக்கில் சி வந்தது. சி மொழியைப் பார்த்து ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், இன்னும் எத்தனையோ வந்தன. அன்று மிச்சப்பட்ட ஒரு எழுத்துக்கான விலையை இன்றும் முதல் மாத மாணவர்கள்தான் கொடுக்கிறார்கள் என்பது என் எண்ணம். நான் தேர்ந்தெடுக்கும் இடத்தில் இருந்தால் :=தான் வைத்திருப்பேன்.

பைத்தானிலும் பின்னாளில் := வந்தது, ஆனால் வேறு வேலைக்கு: மதிப்பையும் போட்டு, அதே இடத்தில் அதைப் பயன்படுத்தவும் செய்ய. அந்த ஒரு குறியைச் சேர்ப்பதா வேண்டாமா என்ற சர்ச்சை முற்றி, 2018 ஜூலையில், பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராஸம் மொழியின் தலைமைப் பொறுப்பிலிருந்தே விலகிக்கொண்டார். 2019இல் 3.8 பதிப்பில் குறி சேர்ந்தது. குறி சின்னதாக இருந்தாலும் எடுக்கும் முடிவு சின்னதில்லை.

அறிகுறி: "எண்ணிக்கை = எண்ணிக்கை + 1" என்ற வரியைப் பார்த்தாலே மனம் ஒப்பவில்லை; இரண்டு மதிப்புகளை இடம் மாற்றினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன

பிளஸ் டூ முடித்துவிட்டு வந்த ஒரு பையன் இந்த வரியைக் கண்டு எழுந்து நின்றுவிட்டான். "சார், ரெண்டு பக்கமும் எண்ணிக்கையைக் கழிச்சுட்டா பூஜ்யமும் ஒண்ணும் சமம்னு ஆயிடுதே?" கணக்கை நன்றாகப் படித்தவன்தான் இதைக் கேட்பான். இந்தக் கேள்வி எழாத மாணவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

வரியை வலது பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். முதலில் வலப்பக்கம் முழுவதும் கணக்கிடப்படுகிறது. கிடைத்த விடை இடப்பக்கப் பெயருக்குப் போகிறது. இடப்பக்கத்தில் முன்பு இருந்தது போயே போய்விட்டது. இதைப் புரிந்துகொண்டால் இடமாற்றக் கோளாறும் விளங்கிவிடும்:

காலைவிலை = 210
மாலைவிலை = 225
காலைவிலை = மாலைவிலை
மாலைவிலை = காலைவிலை

மூன்றாவது வரி முடிந்ததுமே 210 எங்கும் இல்லை. நான்காவது வரி 225ஐ 225ஆல் நிரப்புகிறது. பைத்தானில் ஒரே வரியில் தீர்வு உண்டு: காலைவிலை, மாலைவிலை = மாலைவிலை, காலைவிலை. வலப்பக்கம் முழுவதும் முதலில் கணக்கிடப்படுவதால் இரண்டு மதிப்பும் தப்பிக்கின்றன. மற்ற மொழிகளில் மூன்றாவது ஒரு மாறியில் முதல் மதிப்பைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள்.

இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு. == பழகிய உற்சாகத்தில் மதிப்பு போடும் இடத்திலும் அதையே தட்டிவிடுவார்கள். பைத்தான் அந்த வரியை ஒப்பிட்டுப் பார்த்து, விடையை யாரிடமும் சொல்லாமல் கீழே போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். பிழைச் செய்தி வராது, மதிப்பும் மாறாது.

அறிகுறி: 40ஐயும் 35ஐயும் கூட்டினால் 4035 வருகிறது

இரண்டு மூட்டை ஜவ்வரிசியின் எடையை விசைப்பலகையில் வாங்கிக் கூட்டியிருப்பீர்கள். பைத்தான் 3இல் இன்புட் மூலம் வருவது எதுவானாலும் எழுத்துச்சரம்தான். நீங்கள் தட்டிய 40 அதற்கு நான்கும் பூஜ்யமும் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு எழுத்துகள். சரங்களுக்கு நடுவில் + வந்தால் ஒட்டு என்று பொருள். அதே சரத்தை 3ஆல் பெருக்கினால் 404040 வரும்.

சரிசெய்ய: வாங்கிய உடனே, அதே வரியில் இன்ட் கொண்டு எண்ணாக மாற்றுங்கள். கொலுசு எடை 12.5 கிராம் என்று புள்ளியோடு வந்தால் இன்ட் மறுத்துவிடும், அங்கே ஃப்ளோட். தமிழ் எண்களில் ௪௦ என்று தட்டினாலும் பைத்தானின் இன்ட் அதை 40ஆக மாற்றிக் கொடுத்துவிடும். இதை வகுப்பில் காட்டும்போது முகங்கள் மலர்வதைப் பார்க்க வேண்டும்! (நிரலுக்குள் எண்ணாக நேரடியாக ௪௦ என்று எழுத மட்டும் முடியாது.)

ஜாவாஸ்கிரிப்டில் இது இன்னும் குழப்பமானது, கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். படிவத்தில் வாங்கிய "40", "5" இரண்டும் சரங்கள்.

"40" - "5" → 35
"40" * "5" → 200
"40" + "5" → "405"

கழித்தலும் பெருக்கலும் சரங்களுக்கு இல்லாததால் மொழி தானாகவே எண்ணாக மாற்றிக்கொள்கிறது. கூட்டலுக்கு மட்டும் சரங்களிடம் வேறு பொருள் இருப்பதால் ஒட்டிவிடுகிறது. கழித்துப் பார்த்துச் சரியாக வந்த தைரியத்தில் கூட்டலையும் அப்படியே விடுபவர்கள்தான் இங்கே மாட்டுவது. எண் ஒரு பக்கம், சரம் ஒரு பக்கம் என்று இருந்தாலும் ஜாவாஸ்கிரிப்ட் ஒட்டும். பைத்தான் டைப் எரர் (வகை பொருந்தவில்லை என்ற பிழை) சொல்லி நிறுத்தும்.

எல்லா மொழிகளும் இப்படி ஒரே குறிக்கு இரண்டு வேலை கொடுக்கவில்லை. ஒட்டுவதற்கு பிஎச்பியும் பெர்லும் ஒரு புள்ளியை வைத்தன, லுவா இரண்டு புள்ளிகளை வைத்தது, எக்செல் & குறியை வைத்தது. கூட்டல் வேறு, ஒட்டல் வேறு என்று குறியிலேயே தெரிவது கற்பவருக்கு எவ்வளவோ நல்லது.

அறிகுறி: வர்க்கம், கூட்டு வட்டி எல்லாம் விசித்திரமாக வருகின்றன

5^2 என்று கேட்டால் 25க்குப் பதில் 7. 10^2 கேட்டால் 8. எக்செல்லிலும் பழைய பேசிக் மொழியிலும் ^ அடுக்கைக் குறிக்கும். சி, ஜாவா, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் நான்கிலும் அது இரும எண்களை பிட் பிட்டாக (இலக்கம் இலக்கமாக) ஒப்பிட்டு, வேறுபடும் இடத்தில் 1 போடும் குறி. 5 என்பது 101, 2 என்பது 010. மூன்று இடமும் வேறுபடுவதால் 111, அதாவது 7.

முழு எண்ணில் தப்பு பளிச்சென்று தெரிந்துவிடும். ஆபத்து வட்டிக் கணக்கில்தான். 50,000 ரூபாய், மாதம் 2 சதவீதம் கூட்டு வட்டி, 12 மாதம். ஜாவாஸ்கிரிப்டில்:

50000 * 1.02 ^ 12

விடை 50996. கடன் தொகையைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருப்பதால் பார்க்க நம்பும்படி இருக்கிறது. உண்மையில் வர வேண்டியது 63,412. நடந்தது என்ன என்றால், பெருக்கல் முதலில் முடிந்து 51000 ஆனது, பிறகு 51000ஐயும் 12ஐயும் பிட் பிட்டாக ஒப்பிட்டு 50996 கிடைத்தது. பைத்தான் இதே வரியை, புள்ளி எண்ணோடு ^ செல்லாது என்று டைப் எரர் கொடுத்து மறுத்துவிடும். பணக் கணக்கில் தப்பான விடையைவிட மறுப்பு ஆயிரம் மடங்கு நல்லது.

சரிசெய்ய: பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் ** போடுங்கள். இது ஃபோர்ட்ரான் காலத்துக் குறி. ஜாவாஸ்கிரிப்டில் 2016இல்தான் சேர்ந்தது. ஜாவாவிலும் சி மொழியிலும் அடுக்குக்குத் தனிக் குறியே கிடையாது, பவ் என்ற ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டும்.

கூடவே மைனஸ் குறியிலும் கவனம். மைனஸ் இரண்டின் வர்க்கத்தை அடைப்புக்குறி இல்லாமல் எழுதினால் பைத்தான் -4 என்கிறது, எக்செல் 4 என்கிறது, ஜாவாஸ்கிரிப்ட் அடைப்புக்குறி போடாமல் ஏற்கவே மறுக்கிறது. மூன்றில் ஜாவாஸ்கிரிப்ட் செய்ததுதான் எனக்குப் பிடித்தது.

அறிகுறி: சதவீதம் 0 என்று வருகிறது, அல்லது சம்பந்தமே இல்லாத எண் வருகிறது

வருகைப்பதிவு 60க்கு 45. ஜாவாவில் 45 / 60 * 100 போட்டால் 0. முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் ஜாவாவும் சி மொழியும் புள்ளிக்குப் பின் வருவதை வெட்டிவிடும்; 0.75 வெட்டுப்பட்டு 0 ஆனது, அதை நூறால் பெருக்கினாலும் 0தான். 100.0 * 45 / 60 என்று எழுதுங்கள். பைத்தான் 2இலும் இதே வெட்டு இருந்தது. 2008இல் வந்த பைத்தான் 3 அதை மாற்றி, / எப்போதும் புள்ளியோடு வகுக்கும், வெட்ட வேண்டுமென்றால் // என்று பிரித்தது. பழைய பாடக்குறிப்பை வைத்துப் படிப்பவர்கள் இங்கே குழம்புவார்கள். குறிப்பு எந்தப் பதிப்புக்கானது என்று பாருங்கள்.

அந்த // ஜாவாவிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் குறிப்புரையின் தொடக்கம். பைத்தானில் எழுதிய பங்கு = 7 // 2 என்ற வரியை ஜாவாஸ்கிரிப்டில் ஒட்டினால், பின்பாதி குறிப்புரையாகி பங்கு 7 ஆகிவிடும். எரர் எதுவும் வராது.

இனி % குறி. வெள்ளிக்கு 3 சதவீத ஜிஎஸ்டி போட வேண்டிய பட்டறைப் பையன் 5000 % 3 என்று தட்டினான், 2 வந்தது. கடைக் கால்குலேட்டரில் 5000 × 3 % என்று அழுத்தினால் 150 வரும், எக்செல்லிலும் 5000*3% என்றால் 150. நிரல்மொழியில் % மீதியைத் தரும்: 5000ஐ மூன்றால் வகுத்தால் மீதி 2. சதவீதத்துக்கு 5000 * 3 / 100 என்றே எழுதுங்கள்.

மீதியிலும் ஒரு கண்ணி உண்டு, கழித்த விடை மைனஸில் போகும்போது. ஞாயிறு 0, திங்கள் 1 என்று எண்ணி, செவ்வாய்க்கு ஐந்து நாள் முன்னால் என்ன கிழமை என்று (2 - 5) % 7 போடுங்கள். பைத்தான் 4 தரும், வியாழன், சரி. ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் -3 தரும், அப்படி ஒரு கிழமை இல்லை. அவற்றில் மீதியோடு 7ஐக் கூட்டி மறுபடியும் % 7 எடுக்க வேண்டும்.

அறிகுறி: "சேலம் அல்லது ஏற்காடு" என்று கேட்டால் எல்லா ஊரும் உள்ளே வந்துவிடுகிறது

இஃப் ஊர் == "சேலம்" ஆர் "ஏற்காடு":

பேசுகிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள், மனிதருக்கு இது போதும். பைத்தான் இதை இரண்டு தனிக் கேள்வியாகப் பிரிக்கிறது: ஊர் சேலமா? அல்லது, "ஏற்காடு" என்ற சரம் காலியாக இல்லாமல் இருக்கிறதா? இரண்டாவதற்கு விடை என்றைக்கும் ஆமாம். அதனால் ஆத்தூரும் மேட்டூரும் ஓமலூரும் உள்ளே வந்துவிடும். இரண்டு பக்கமும் முழுதாக எழுதுங்கள்: ஊர் == "சேலம்" ஆர் ஊர் == "ஏற்காடு".

இதன் தம்பி இன்னொன்று இருக்கிறது. ஏற்காட்டுத் தோட்டத்து வெப்பநிலைப் பதிவில் 18க்கும் 30க்கும் இடைப்பட்டவற்றை எடுக்க 18 < வெப்பம் < 30 என்று எழுதுவார்கள். பைத்தானில் இது கணக்கு நோட்டில் இருப்பது போலவே வேலை செய்யும். ஜாவாஸ்கிரிப்டிலும் சி மொழியிலும் இடது பாதி முதலில் முடிந்து ஆமாம் அல்லது இல்லை ஆகும், அது 1 அல்லது 0ஆக மாறி 30ஓடு ஒப்பிடப்படும். இரண்டுமே 30ஐவிடச் சிறியவை. ஆக எந்த வெப்பநிலையும் தேறிவிடும். ஜாவா இதைக் கம்பைல் செய்யவே விடாது.

ஆர், அண்ட் என்ற சொற்களா, ||, && என்ற குறிகளா? பைத்தானில் சொல், சி வழி வந்த மொழிகளில் குறி. மாற்றித் தட்டினால் பெரும்பாலும் எரர் வரும், திருத்திக்கொள்ளலாம். ஆனால் பைத்தானில் ஒற்றை & தட்டினால் எரர் வராது. வயது > 18 & வயது < 30 என்று 40 வயதுக்காரரைச் சோதித்துப் பாருங்கள்: "ஆமாம்" வரும். & குறி ஒப்பீட்டுக் குறிகளைவிட முந்திக்கொண்டு 18ஐயும் வயதையும் பிட் பிட்டாகச் சேர்த்துவிடுகிறது. இரண்டிலும் 1 இருக்கும் இடத்தில்தான் 1 விழும்; 18க்கும் 40க்கும் அப்படி ஓர் இடமும் இல்லாததால் 0. பிறகு 40 > 0 < 30 என்று படிக்கப்பட்டு, இரண்டும் உண்மையாகிவிடுகின்றன. பைத்தானின் பாண்டாஸ் நூலகத்தில் அட்டவணையை வடிகட்டும்போது & தான் போட வேண்டும், அண்ட் செல்லாது; அங்கே ஒவ்வொரு ஒப்பீட்டையும் தனித்தனி அடைப்புக்குறிக்குள் வையுங்கள்.

சி மொழியில் கதை தலைகீழ்: அங்கே & ஒப்பீட்டுக்குப் பின்னால்தான் வரும். ஆரம்பத்தில் அந்த மொழியில் && கிடையாது, & ஒன்றே இரண்டு வேலையும் பார்த்தது. பிறகு && வந்தபோது &இன் வரிசையையும் மாற்றியிருக்க வேண்டும், ஏற்கனவே எழுதிய நிரல்கள் கெட்டுவிடுமே என்று விட்டுவிட்டோம் என்று சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சியே பின்னாளில் விளக்கியிருக்கிறார். அதனால்தான் எண் & 1 == 0 என்ற ஒரே வரி, பைத்தானில் இரட்டைப்படை எண்ணைக் கண்டுபிடிக்கிறது, சி மொழியில் எப்போதும் பொய் சொல்கிறது.

இப்படிப்பட்ட தேர்வுகள் புதியவரை எவ்வளவு பாதிக்கின்றன என்பதை ஆராய்ந்தவர்களும் இருக்கிறார்கள். ஆண்ட்ரியாஸ் ஸ்டெஃபிக், சுசானா சீபர்ட் இருவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், நிரலே எழுதியறியாதவர்களைப் பல மொழிகளின் எழுத்துமுறையில் எழுதவைத்துப் பார்த்தார்கள். ஒப்பிடுவதற்கு, சொற்களைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்தது போன்ற ஒரு மொழியையும் வைத்தார்கள். பெர்ல், ஜாவா பாணியில் எழுதியவர்களின் துல்லியம் அந்த ஏனோதானோ மொழியில் எழுதியவர்களைவிடக் குறிப்பிடும்படி மேலாக இல்லை. பைத்தான், ரூபி, குவோரம் பாணியில் எழுதியவர்கள் மேலாகச் செய்தார்கள். "எனக்கு இது ஏறாது சார்" என்று சோர்ந்துபோகும் ஒவ்வொருவரிடமும் நான் இந்த ஆய்வைச் சொல்கிறேன்.

அறிகுறி: கவுண்டர் 1ஐத் தாண்டவே இல்லை

எண்ணிக்கை =+ 1 என்று இருக்கிறதா பாருங்கள். += என்பது தலைகீழாகிவிட்டது. கம்ப்யூட்டர் இதை, எண்ணிக்கையில் கூட்டல் 1ஐப் போடு என்று படிக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் 1தான். வேடிக்கையான சேதி, பி மொழியிலும் ஆரம்பகால சி மொழியிலும் =+ என்பதே சரியான வடிவமாக இருந்தது. =-1 என்று எழுதினால் கழிப்பதா, மைனஸ் ஒன்றைப் போடுவதா என்று குழப்பம் வந்ததால் திருப்பிப் போட்டார்கள்.

பைத்தானில் கவுண்டர் நகரவே இல்லை என்றால் ++எண்ணிக்கை என்று எழுதியிருப்பீர்கள். ஜாவாவில் அது ஒன்றைக் கூட்டும். பைத்தானுக்கு அது இரண்டு பிளஸ் குறி போட்ட எண், அவ்வளவுதான். பின்னால் போட்டு எண்ணிக்கை++ என்று எழுதினால் மட்டும் எரர் வரும்.

>= என்பதை => என்று மாற்றித் தட்டினால் பைத்தான் பிடித்துவிடும். ஜாவாஸ்கிரிப்டில் => ஒரு ஃபங்ஷனை உருவாக்கும் குறி. இஃப் (இருப்பு => 10) என்றால் புது ஃபங்ஷன் ஒன்று உருவாகி, அது காலி இல்லாததால் எப்போதும் ஆமாம்.

அறிகுறி: வரி அச்சு அசல் சரியாகத் தெரிகிறது, ஆனாலும் எரர்

வாட்ஸ்அப்பிலிருந்தோ வேர்டிலிருந்தோ ஒட்டினீர்களா? மைனஸ் நீளக்கோடாகவும், நேர் மேற்கோள் வளைந்த மேற்கோளாகவும், பெருக்கல் குறி × ஆகவும் மாறியிருக்கும். குறியை அழித்துவிட்டு விசைப்பலகையில் நீங்களே தட்டுங்கள்.

அறிகுறி: இரண்டும் ஒன்றுதான், ஆனால் சமம் இல்லை என்கிறது

0.1 + 0.2 == 0.3 கேட்டால் பொய் என்று வரும். பல தசமப் புள்ளி எண்கள் இரும வடிவில் முழுதாக அடங்குவதில்லை. கிராமை மில்லிகிராமாக, ரூபாயைப் பைசாவாக மாற்றி முழு எண்ணில் வைத்துக்கொள்வது பட்டறைக் கணக்குக்கு நல்ல வழி.

ஜாவாவில் இரண்டு சரங்களை == கொண்டு ஒப்பிட்டால், எழுத்துகள் ஒன்றா என்று பார்க்காது, நினைவகத்தில் இரண்டும் ஒரே பொருளா என்று பார்க்கும். அங்கே ஈக்குவல்ஸ் போடுங்கள். பைத்தானில் இஸ் என்பதும் அப்படித்தான். சின்ன எண்களுக்கு அது சரியாக வருவது போலத் தோன்றி, 256க்கு மேல் போனதும் காலை வாரும். ஜாவாஸ்கிரிப்டின் == இதற்கு நேர் எதிர்: 0ஐயும் காலிச் சரத்தையும்கூடச் சமம் என்று சொல்லும் அளவுக்குத் தாராளம். அதனால்தான் அங்கே === என்றேன்.

மேலே எதுவும் பொருந்தவில்லை, விடை மட்டும் தப்பு

அப்படியானால் வரிசைதான் கோளாறாக இருக்கும். மண்டியிலிருந்து வரும் ஒரு கணக்குப்பிள்ளை அண்ணன் கால்குலேட்டரை நீட்டிக் கேட்டார். "தம்பி, ரெண்டு கூட்டல் மூணு பெருக்கல் நாலு, இதுல இருபது வருது. உங்க கம்ப்யூட்டர்ல பதினாலுங்குது. எதை நம்பறது?"

"ரெண்டுமே அதது விதிப்படி சரிதாங்கண்ணா. கால்குலேட்டர் நீங்க அழுத்த அழுத்த முடிச்சுடுது. இது முழு வரியையும் பார்த்துட்டுப் பெருக்கலை முதல்ல முடிக்குது."

ஸ்மால்டாக் என்ற நிரல்மொழிகூட அவருடைய கால்குலேட்டர் வழியில் இடமிருந்து வலமாகப் போய் 20தான் தரும். ஏபிஎல் மொழியோ எல்லாக் குறிகளையும் சமமாக வைத்து வலக்கோடியிலிருந்து தொடங்கும். 2×3+4 அங்கே 10 இல்லை, 14.

அதனால் நீளமான வரியை நம்பாதீர்கள், துண்டாக்குங்கள். 40 கிராம் கொலுசு, கிராம் 100 ரூபாய், கூலி கிராமுக்கு 10 ரூபாய், மொத்தத்தில் 3 சதவீதம் தள்ளுபடி என்று வைத்துக்கொள்வோம். தள்ளுபடி எவ்வளவு?

தள்ளுபடி = எடை * விலை + எடை * கூலி * 3 / 100

இது 4012 தரும். கொலுசையே கிட்டத்தட்ட இலவசமாகக் கொடுத்ததாகிவிடும். துண்டாக்கி எழுதி, ஒவ்வொன்றையும் திரையில் காட்டச் சொல்லுங்கள்:

வெள்ளி = எடை * விலை
செய்கூலி = எடை * கூலி
மொத்தம் = வெள்ளி + செய்கூலி
தள்ளுபடி = மொத்தம் * 3 / 100

4000, 400, 4400, 132. எந்தத் துண்டில் நீங்கள் நினைத்த எண்ணும் திரையில் வந்த எண்ணும் பிரிகிறதோ, அந்தத் துண்டில் இருக்கும் குறியை எடுத்துக்கொண்டு மறுபடி மேலே போய் அறிகுறியைத் தேடுங்கள்.